அம்மா கொடுத்த காஸட்

பாட்டிமார் சொல்லும் கதைகளில் ஒரு மந்திரவாதி தவறாமல் வருவான். வாளால் வெட்டினாலும் சாக மாட்டான். தீயில் தள்ளினாலும் வேக மாட்டான். காரணம், அவனுடைய உயிர் அவனிடத்தில் இராது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள்ளே தொங்கும் கூண்டில், ஒரு பச்சைக் கிளியிடம் அது பத்திரமாக இருக்கும்.

2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியான ஓர் அமெரிக்கப் படத்தைப் பார்த்தபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. அதில் மந்திரவாதிக்குப் பதில் கதாநாயகன். கிளிக்குப் பதில் ஒரு காஸட்! படத்தின் பெயர் ‘கார்டியன்ஸ் ஆப் தி காலக்ஸி’. நட்சத்திர மண்டலத்தின் காவலர்கள் என்று அர்த்தம்.

“சூப்பர் ஹீரோ படமா? அது குழந்தைகள் பார்க்கிற சமாசாரம் அல்லவா? போதாக்குறைக்கு ராக் சங்கீதம் வேறா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு தாயார் தன் பிள்ளைக்கு எதை விட்டுவிட்டுப் போனாள் என்பதுதான் விஷயம். அது எல்லா வீட்டுக்கும் உரிய விஷயம்.

கதை 1988-ம் வருஷம், அமெரிக்காவில் மிஸூரி மாகாணத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் ஆரம்பமாகிறது. பீட்டர் குவில் என்ற சிறுவன் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். காதில் ஹெட்போன், மடியில் வாக்மன் என்கிற சின்ன டேப் கருவி. அதற்குள் சுழலும் காஸட்டில் உள்ளவை எல்லாம் அவன் தாயார் மெரிடித் பொறுக்கியெடுத்துப் பதிந்து கொடுத்த பாட்டுக்கள். ‘பிரமாதமான கதம்பம், முதல் பாகம்’ என்று பொருள்படும்படி அதன் மேல் எழுதியும் வைத்திருக்கிறாள். உள்ளே, கட்டிலில், அந்தத் தாயார் மரணத் தறுவாயில் இருக்கிறாள்.

பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அவள் ஒரு சிறு பொட்டலத்தை அவனுக்குக் கொடுக்கிறாள். பிறகு, “என் கையைப் பிடித்துக்கொள்” என்று கையை நீட்டுகிறாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்தக் கையைப் பிடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் உயிர் போய்விடுகிறது. அழுதுகொண்டு வெளியே ஓடியவனை ஓர் ஆகாசக் கப்பல் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

இருபத்தாறு வருஷங்கள் கழித்து அவனை மறுபடி பார்க்கிறோம். இப்போது பெரிய ஆள்; திருடன்; ‘ஸ்டார் லார்ட்’ என்று தனக்குத் தானே ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டிருக்கிறான். ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாழும் கிரகத்தில் வந்து இறங்குகிறான். இந்த மாதிரி கட்டத்தில் நூறு பிடில்களும் முரசும் சேர்ந்து நம் நெஞ்சைப் பிசைவதுதான் சினிமா வழக்கம். இவனோ ஹெட்போனை மாட்டி, வாக்மன் பொத்தானை அமுக்கி, ஆடத் தொடங்கிவிடுகிறான்! அந்தப் பாட்டு ‘கம் அண்ட் கெட் யுவர் லவ்’. 1974-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறிய பாட்டு. பாடிய ‘ரெட்போன்’ குழுவை நடத்திய பாட், லாலி வேகாஸ் என்ற சகோதரர்கள் அமெரிக்கப் பழங்குடி வம்சத்தவர்கள். பாட்டை எழுதிப் பாடிய லாலி 2010-ல் காலமாகிவிட்டார். நாலே வருஷத்தில் உலகத்துச் சிறுவர் சிறுமியர் எல்லாம் தம் பாட்டை முணுமுணுக்கப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்தப் படத்தின் பாட்டுக்கள் தனி ஆல்பமாக வந்தபோது அதில் 12 பாட்டுக்கள் இருந்தன. ராக் பாட்டுக்களே அதிகம். நடுநடுவே ‘ஸோல்’ என்கிற கறுப்பு அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டுக்களும் உண்டு. வருஷங்களைக் கவனித்துப் பார்த்தேன். ஆகப் பழையது 1967. ஆகப் புதியது 1979. பையன் வாக்மனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ 1988-ல். ஆகவே இவற்றில் ஒன்றுகூட அவன் காலத்துப் பாட்டு அல்ல. எல்லாம் அவன் தாயார் பாவாடை பறக்க ஓடியாடிய பருவத்துப் பாட்டுக்கள். காதலித்த பருவத்துப் பாட்டுக்கள்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பிள்ளைகளுக்குத் தாயாரை எப்போதிலிருந்து தெரியும்? அவள் தாயாரான பிறகுதான் தெரியும். சமையலறையில் நிற்பவளாக, ஜுரத்துக்குக் கஷாயம் கொடுப்பவளாக, பரீட்சைக்கு எழுப்பிவிடுபவளாகத் தெரியும். அதற்கு முன்னால் அவளுக்குப் பதினெட்டு வயசு என்று ஒன்று இருந்ததே, அப்போது அவள் எதைக் கேட்டுச் சிரித்தாள், எதைக் கேட்டுக் கண் கலங்கினாள் என்பது யாருக்குத் தெரியும்? மெரிடித் குவில் தன் பிள்ளைக்குப் பதிந்து கொடுத்தது அந்தப் பதினெட்டு வயசைத்தான்.

டேப் ரிக்கார்டர் வைத்திருந்த வீட்டாருக்கு இந்தக் காரியத்தின் சிரமம் தெரியும். ரேடியோ முன்னாலோ ரிக்கார்டு பிளேயர் முன்னாலோ காத்திருக்கவேண்டும். பாட்டு ஆரம்பிக்கிற கணத்தில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கவேண்டும். முடிகிற கணத்தில் நிறுத்தவேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தகுந்த பாட்டைத் தேடவேண்டும். எதற்குப் பின் எது என்பதிலேதான் ருசி இருக்கிறது. அதற்காக உட்கார்ந்த மணி நேரங்களும் அந்தக் காஸட்டுக்குள் இருக்கின்றன.

* * *

படத்தின் டைரக்டர் ஜேம்ஸ் கன் என்பவர். சாதாரணமாகப் படம் எடுத்து முடித்த பிறகுதான் சங்கீதக்காரரைக் கூப்பிடுவார்கள். இவர் திரைக்கதை எழுதும்போதே இன்ன கட்டத்தில் இன்ன பாட்டு என்று எழுதிவிட்டார். படப்பிடிப்பு நடக்கும்போதே அந்தப் பாட்டுக்களை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்கச் செய்தார். பின்னணி இசை அமைத்த டைலர் பேட்ஸ்கூடச் சில பகுதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். பாட்டுக்கு ஏற்ற நடை, பாட்டுக்கு ஏற்ற சிரிப்பு என்று படம் முழுவதும் இழைந்து வருவதன் காரணம் இதுதான்.

ஒவ்வொரு பாட்டையும் எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பையன் கேட்கும் பாட்டு, இங்கிலாந்தின் ‘டென் ஸிஸி’ குழுவினர் 1975-ல் வெளியிட்ட ‘ஐயாம் நாட் இன் லவ்’. அதில் பின்னணியில் மேகக் கூட்டம்போல் ஒரு பெரிய கோஷ்டி கானம் மிதக்கும். உண்மையில் பாடியவர்கள் மூன்றே பேர்! ஒவ்வொரு ஸ்வரத்தையும் மூவரும் 16 தடவை பாடிப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, ஸ்வரத்துக்கு 48 குரல் என்று சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத நாளில் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த வித்தை. நடுவே ஒரு பெண் குரல், அழும் பையனைச் சமாதானப்படுத்துவதுபோல், கிசுகிசுவென்று பேசும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பாடகி அல்ல. ஸ்டாக்போர்ட் நகரில் இருந்த அந்த ஒலிப்பதிவு நிலையத்தில் வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் இருந்தவர். சாகப்போகும் தாயாரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் சிறுவனின் காதில் விழவேண்டிய குரல் அதுவே அல்லவா?

வீரர்கள் போருக்குப் புறப்படும் கட்டம் ஒன்று வருகிறது. வேறு படமாயிருந்தால் கொம்பும் தாரையும் முழங்கும். இதில் முழங்குவது 1976-ல் வந்த ‘செர்ரி பாம்’. ‘ரன்அவேஸ்’ என்ற குழுவின் பாட்டு. இந்தக் குழுவில் இருந்த ஐவரும் இருபது வயசு நிரம்பாத பெண்கள். கிதார் வாசித்ததும் அவர்களே, முரசு கொட்டியதும் அவர்களே. ராக் சங்கீதம் ஆண்பிள்ளைகளின் சொத்து என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பாடுவதற்குத் தேர்வாக வந்த செரி கரி என்ற பெண் தயார் செய்து வந்த பாட்டை மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லையாம். உடனே ஜோன் ஜெட் என்ற பெண்ணும் குழுவின் மானேஜரும் சேர்ந்து அங்கேயே இந்தப் பாட்டைக் கட்டிவிட்டார்கள். மெரிடித் இந்தப் பாட்டையும் தன் கதம்பத்தில் தொடுத்திருக்கிறாள் என்றால், அவள் வெறும் சாதுவான பெண்ணாக இருந்திருக்க முடியாது! படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இந்தச் செய்தியைப் பாட்டு சொல்லிவிடுகிறது.

சிறைச்சாலைக் கட்டமும் அப்படித்தான். காவலாளி ஒருவன் குவிலின் வாக்மனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொள்கிறான். அதில் ஓடுவது சுவீடன் நாட்டுக் குழுவினர் பாடி 1974-ல் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற ‘ஹூக்ட் ஆன் எ பீலிங்’. “அது என்னுடையது!” என்று குவில் குமுறுகிறான். மின்சார அடி வாங்குகிறான். பிறகு எல்லோருமாகத் தப்பித்து ஓடும்போது, வாக்மனை மீட்பதற்காக அவன் ஒருவன் மட்டும் திரும்பிப் போகிறான். கூட்டாளிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. கிளி எங்கே இருக்கிறது என்று நமக்கல்லவா தெரியும்!

கமோரா என்ற பெண்ணுக்கு அவன் ஹெட்போனை மாட்டிவிடும் இடம் ஒன்று உண்டு. அவள் கண் முன்னாலேயே அவளைப் பெற்றவர்களைக் கொன்ற கொடியவன்தான் அவளை வளர்த்தவன். போர்த் தொழிலைத் தவிர வேறொன்றும் அறியாதவள். தாயாரின் ஞாபகமாக ஒரு துரும்பும் இல்லாதவள். அவளுக்கு இவன் தன் அம்மாவின் பாட்டைக் கேட்கக் கொடுக்கிறான். அந்த வாக்மன் 1979-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனியார் முதன்முதலாக வெளியிட்ட மாதிரி. அதில் ஹெட்போன் சொருக இரண்டு துவாரங்கள் உண்டு. தனியே கேட்பதற்கென்று செய்த கருவியில்கூட இன்னொருவருக்கு இடம் வைத்தார்கள் பாருங்கள்!

கடைசிச் சண்டையில் எதிரி எல்லாரையும் வீழ்த்தி நிற்கிறான். அவன் கவனத்தைக் கலைக்க வேண்டும். குவில் என்ன செய்கிறான்? ‘ஓ சைல்ட்’ என்ற பாட்டைப் பாடி ஆடுகிறான்! கஷ்டமெல்லாம் தீரும், நல்ல காலம் வரும் என்று குழந்தையைத் தேற்றுகிற பாட்டு அது. 1970-ல் அதை வெளியிட்டவர்கள் சிகாகோ நகரத்து ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐவர். ஓர் அக்காவும் நாலு தம்பிகளும். வயசு வரிசையில் நிற்க வைத்தால் மாடிப்படி மாதிரி இருக்கிறார்களே என்று அவர்கள் தாயார் சொன்னாராம். அதனால் குழுவுக்கு ‘பைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ்’, அதாவது ‘ஐந்து படிகள்’ என்று பெயர் வந்தது.

அதற்கப்புறம் ஒரு கணம். சர்வ நாசம் செய்யும் கல் ஒன்றைக் குவில் கையில் பிடித்துவிடுகிறான். உடம்பு பிளக்கிறது. கமோரா தன் கையை நீட்டி, “பிடித்துக்கொள்” என்கிறாள். அவன் கண்ணுக்குத் தெரிவது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீண்ட கை. இந்தத் தடவை பிடித்துக்கொள்கிறான்.

* * *

தாயார் கொடுத்த பொட்டலத்தை இருபத்தாறு வருஷமாக அவன் பிரிக்கவே இல்லை. படத்தின் முடிவில் பிரிக்கிறான். உள்ளே ஒரு கடிதம். அதில் அவனை ‘என் குட்டி ஸ்டார் லார்ட்’ என்று அழைத்திருக்கிறாள். ஊரெல்லாம் சிரித்த அந்தப் பட்டம் அம்மா இட்ட செல்லப் பெயர்தான்! கூடவே இன்னொரு காஸட்: ‘கதம்பம், இரண்டாம் பாகம்’. அதைப் போட்டதும் வருவது 1967-ல் மார்வின் கேயும் டாமி டெரலும் சேர்ந்து பாடிய ‘எய்ன்ட் நோ மௌன்டன் ஹை எனப்’. எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கூப்பிட்டால் வந்து சேருவேன் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும் பாட்டு.

இந்த டாமி டெரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்தப் பாட்டு வெளிவந்த அதே 1967-ம் வருஷம், மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மார்வின் கேயின் கைகளில் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி என்று தெரிந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 1970 மார்ச்சில் இறந்துபோனார். வயசு 24. மெரிடித் குவிலைக் கொண்டுபோனதும் மூளைக் கட்டிதான் என்று 2017-ல் வந்த இரண்டாவது படத்தில் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் குரலில்தான் இந்தத் தாயார் தன் பிள்ளையைத் தேடி வருகிறாள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் பாட்டைக் கேட்டபோது என்னால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஆல்பம் 2014 ஆகஸ்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போயிற்று. ஒரு புதுப் பாட்டுகூட இல்லாமல், முழுக்க முழுக்கப் பழைய பாட்டுக்களைக் கொண்ட சினிமா ஆல்பம் ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. அவ்வருஷம் நவம்பரில் அதை நிஜக் காஸட்டாகவே வெளியிட்டார்கள். வாங்குவதற்கு ஆள் இருந்தது!

இதில் வியாபாரம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பழைய பாட்டைப் படத்தில் போடுவதென்றால் பாட்டை இயற்றியவர் தரப்பில் ஓர் அனுமதி, ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடம் இன்னோர் அனுமதி, இரண்டுக்கும் பணம் என்று எல்லாம் கணக்குத்தான். எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அந்தத் தாயாருக்குப் படத்தில் சில நிமிஷங்களே கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை வீரனாவதற்காகத் தாய் சாகவேண்டும் என்பது கதைக்காரர்கள் காலம் காலமாகக் கையாளும் சுலபமான வழி. லாரா ஹாடக் என்ற நடிகை வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போய்விடுகிறார். ஆனால் காஸட் ஓடுகிறவரையில் மெரிடித்தை யாரும் வெளியே அனுப்ப முடியவில்லை. அது பாட்டுக்களின் சாமர்த்தியம்.

இரண்டாவது படத்தில் வாக்மன் நொறுக்கப்படுகிறது. ஆனாலும் கிளி சாகவில்லை. 300 பாட்டுக்கள் கொள்ளும் வேறொரு கருவி குவிலின் கைக்கு வருகிறது. 2023-ல் வந்த மூன்றாவது படத்தின் முடிவில் அவன் அதை ராக்கெட் என்ற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, மிஸூரியில் இருக்கும் தன் தாத்தாவிடம் திரும்புகிறான். ராக்கெட் ஒரு ரக்கூன். கொடிய விஞ்ஞானி ஒருவன் கூண்டில் அடைத்து அறுத்துத் தைத்த பிராணி. தாய் இன்னாள் என்றே அறியாதது. மெரிடித் என்ற மனுஷி தொடங்கிவைத்த வழக்கம் அதன் கைக்குப் போய்ச் சேருகிறது.

படம் பார்த்த மறுநாள் எங்கள் காரியாலயத்தில் ஒரு கேள்வி போட்டேன். “உங்கள் அம்மாவுக்குக் கலியாணத்துக்கு முன்னால் ரொம்பப் பிடித்த பாட்டு எது?” அம்மாவுக்குப் பிடித்த கோவில், பிடித்த ஊறுகாய், பிடிக்காத நாத்தனார் எல்லாம் உடனே வந்தன. பாட்டைச் சொல்ல ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் முடிந்தது.

அன்று இரவு என் தாயாரைப் போனில் கேட்டேன். “இதெல்லாம் இப்போது எதற்கு?” என்றாள். “சும்மாதான்” என்றேன். “சும்மா கேட்கிற கேள்வியா இது?” என்று போனை வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். மளிகைச் சிட்டையின் பின்பக்கத்தில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். பாதிப் பாட்டுக்கள் எனக்குத் தெரிந்த அம்மாவுக்குப் பொருந்தவே இல்லை! ஒன்று ஓர் இங்கிலீஷ் பாட்டு. காலேஜ் விடுதியில் ஒரு சிநேகிதியின் ரிக்கார்டு பிளேயரில் கேட்டதாம். இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘மழையில் நனைந்துகொண்டே கேட்டது’ என்று குறிப்பு.

பதினோரு பாட்டுக்கள் இருந்தன. பன்னிரண்டு என்று எண் போட்டுவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, “அது உனக்கு எதற்கு?” என்று சிரித்துவிட்டாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.